ஸ்விஃப்ட் மாதிரி 1.2 லிட்டர் கார்ல பவர் ஏத்த முடியுமா? எந்த மாற்றத்துக்குக் காசு கொடுக்கலாம், எது வேஸ்ட்? முழு விவரம்

குடும்பத்தோட ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஆன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் கார் திணறுது. முன்னால போற லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்தினாலும் சத்தம்தான் வருது, பிக்கப் வரல. சின்ன பெட்ரோல் கார் வச்சிருக்கிற பலருக்கும் இது பழகின அனுபவம்.

ஊருக்குத் திரும்பியதும் மொபைலில் தேடினால் ஏர் ஃபில்டர், சைலன்சர், ரீமேப், இரிடியம் பிளக், த்ராட்டில் கன்ட்ரோலர் என்று வரிசையாக விளம்பரங்கள். ஒவ்வொன்றும் '10 குதிரைத்திறன் கூடும்', '15 குதிரைத்திறன் கூடும்' என்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் ஸ்விஃப்ட் ரேஸ் கார் ஆகிவிட வேண்டும். ஆனால் நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. ஏன்? அப்போ எதுக்குத்தான் காசு செலவு பண்ணலாம்? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

டர்போ இல்லாத இன்ஜின் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிய காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. டர்போ இன்ஜினில் ஒரு சின்ன விசிறி காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். டர்போ இல்லாத இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகிற வெற்றிடத்தை நிரப்ப, வெளியில் இருக்கும் காற்று தானாகவே உள்ளே வரும். இதைத்தான் 'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' இன்ஜின், சுருக்கமாக என்.ஏ. இன்ஜின் என்கிறார்கள்.

இதிலேயே முக்கியமான விஷயம் அடங்கியிருக்கு. காற்றைத் தள்ள ஆள் இல்லை. வளிமண்டல அழுத்தம் மட்டும்தான். 1,197 சிசி இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, சிலிண்டர்கள் முழுசாக நிரம்பினால்கூட நிமிடத்துக்குச் சுமார் 3,600 லிட்டர் காற்றைத்தான் இழுக்க முடியும். காற்று எவ்வளவோ, பவர் அவ்வளவு. அதிகப் பெட்ரோலை மட்டும் ஊற்றிப் பயனில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகத்தான் வெளியே போகும்.

அதனால் என்.ஏ. இன்ஜினில் பவர் கூட்ட மூன்றே வழிகள்தான்:

1. அதே சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் அதிகக் காற்றை நிரப்புவது
2. உள்ளே போன காற்று, பெட்ரோலில் இருந்து இன்னும் கொஞ்சம் அதிக வேலை வாங்குவது
3. இன்ஜினை இன்னும் வேகமாகச் சுற்ற விடுவது

கடையில் எந்தப் பொருளைக் காட்டினாலும் 'இது இந்த மூன்றில் எதைச் செய்யுது?' என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், பர்ஸை மூடிவிடலாம்.

ஸ்விஃப்ட் கணக்கு என்ன?

இந்தியாவில் 2005-ல் அறிமுகமான மாருதி சுஸுகி ஸ்விஃப்ட்டில் முதலில் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் இருந்தது. 2010-ல் 1.2 லிட்டர் கே-சீரிஸ் இன்ஜின் வந்தது. 2021-ல் வந்த டூயல்ஜெட் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுமார் 90 பிஎஸ் பவரும், 4,400 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. 2024-ல் வந்த புதிய மூன்று சிலிண்டர் இன்ஜினில் பவர் சுமார் 82 பிஎஸ். அதாவது புது மாடலில் கம்பெனியே பவரைக் குறைத்து, மைலேஜுக்கு முக்கியத்துவம் கொடுத்திருக்கிறது.

90 பிஎஸ்ஸை 1.2 லிட்டரால் வகுத்தால், லிட்டருக்கு 75 பிஎஸ். இதைத் தாண்டவே முடியாதா என்றால், முடியும். ஜப்பானில் 1997-ல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரின் 1.6 லிட்டர் இன்ஜின் டர்போ இல்லாமலே 185 பிஎஸ் கொடுத்தது. லிட்டருக்குச் சுமார் 116 பிஎஸ். ஆனால் அந்தப் பவர் வந்தது 8,200 ஆர்பிஎம்மில். அந்த வேகத்தைத் தாங்க பிஸ்டன், கனெக்டிங் ராட், வால்வு, கேம்ஷாஃப்ட் என எல்லாமே அதற்காகவே வடிவமைக்கப்பட்டிருந்தன. நம்ம ஊர் குடும்பக் காரில் ஒரு ஃபில்டரை மாற்றி அந்த இடத்துக்குப் போக முடியாது.

சுஸுகியின் கதையே ஒரு பாடம். வெளிநாடுகளில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் காரில் முன்பு 1.6 லிட்டர் என்.ஏ. இன்ஜின் 136 பிஎஸ் வரை கொடுத்தது. 2017-ல் வந்த அடுத்த மாடலில் சுஸுகியும் 1.4 லிட்டர் டர்போவுக்கு மாறிவிட்டது. பவர் 140 பிஎஸ், கிட்டத்தட்ட அதேதான். ஆனால் டார்க் 160-ல் இருந்து 230 நியூட்டன் மீட்டருக்குத் தாவியது.

பவர், டார்க்: எதைப் பார்க்கணும்?

டார்க் என்பது இன்ஜின் முறுக்கும் விசை. பவர் என்பது அந்த விசை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் பவர் கிடைக்கும். ஒரு கிலோவாட் என்பது 1.36 பிஎஸ்.

இந்தச் சின்னக் கணக்கு ஒரு ரூபாய் செலவில்லாத அப்கிரேடைக் காட்டுது. மலையில் 2,500 ஆர்பிஎம்மில் இன்ஜின் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பவர் சுமார் 36 பிஎஸ்தான். கியரைக் குறைத்து 5,000 ஆர்பிஎம்முக்குக் கொண்டு போனால், 110 நியூட்டன் மீட்டர் டார்க்கில் பவர் சுமார் 78 பிஎஸ். இரண்டு மடங்குக்கும் மேலே!

அதாவது உங்கள் கார் 90 பிஎஸ் கார் என்பது 6,000 ஆர்பிஎம்மில் மட்டும் உண்மை. நான்காவது கியரிலேயே மலை ஏறுகிறவருக்கு அது 40 பிஎஸ் கார். 'இன்ஜின் கத்துது, கெட்டுப் போயிடுமோ' என்று பயப்பட வேண்டாம். டேக்கோமீட்டரில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, இன்ஜின் சூடேறிய பிறகு, தேவையான நேரத்தில் 5,000 ஆர்பிஎம் போவது அந்த இன்ஜின் செய்யவேண்டிய வேலைதான்.

ஊட்டியில் ஏன் கார் இழுக்கல?

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான். குளிர் இருப்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும் என்றாலும், மொத்தத்தில் சிலிண்டருக்குள் போகும் காற்று சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். 90 பிஎஸ் இன்ஜின் அங்கே 72 பிஎஸ் அளவுக்குத்தான் வேலை செய்யும். இது ரிப்பேர் இல்லை, இயற்கை. இந்த 18 பிஎஸ் இழப்பை ஃபில்டரோ சைலன்சரோ ஈடுகட்ட முடியாது.

முதல் செலவு: தொலைந்து போன பவரை மீட்பது

50,000 கிலோமீட்டர் தாண்டிய கார் என்றால், புதுசா பவர் சேர்ப்பதற்கு முன்னால் கம்பெனி கொடுத்த பவர் முழுசா இருக்கான்னு பாருங்கள். பல நேரங்களில் 'பிக்கப் இல்லை' என்ற புகாருக்குக் காரணம் இங்கேதான் இருக்கும்.

* ஏர் ஃபில்டர்: தூசி அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். கம்பெனி ஃபில்டரே போதும்.
* ஸ்பார்க் பிளக்: தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் லோடு ஏறும்போது மிஸ் அடிக்கும்.
* த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர்: கரி படிந்திருந்தால் சுத்தம் செய்யலாம்.
* கிளட்ச்: ஆர்பிஎம் ஏறுது, ஆனால் வேகம் ஏறலையா? கிளட்ச் வழுக்குது என்று அர்த்தம்.
* பிரேக் ஜாம்: வண்டியை ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாகத் தெரிந்தால், அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. (கையை வைத்துத் தொடாதீர்கள், சுடும்.)
* டயர் காற்று: டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு. ஆள் நிறைய ஏறினால் அளவு மாறும், அதுவும் அதிலேயே இருக்கும்.
* கம்ப்ரஷன் டெஸ்ட்: பழைய இன்ஜின் என்றால் நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால், அதைச் சரி செய்யாமல் வேறு எதில் காசு போட்டாலும் வேஸ்ட்.

இதெல்லாம் அப்கிரேடு இல்லைதான். ஆனால் கொடுக்கும் காசுக்கு அதிகப் பலன் இங்கேதான்.

எடை: யாரும் விற்காத அப்கிரேடு

ஸ்விஃப்ட்டின் எடை சுமார் 880 கிலோ. தலா 65 கிலோவில் ஐந்து பேர் என்றால் 325 கிலோ. டிக்கியில் 60 கிலோ சாமான். மொத்தம் 1,265 கிலோ. 90 பிஎஸ் பவருக்கு, ஒரு டன்னுக்குச் சுமார் 71 பிஎஸ்.

இப்போ 5 பிஎஸ் கூட்டும் ஒரு மாற்றத்துக்குப் பல ஆயிரம் செலவு செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 75 பிஎஸ் ஆகும். அதே 60 கிலோ சாமானை இறக்கிவிட்டால்? அதுவும் டன்னுக்குச் சுமார் 75 பிஎஸ்தான்!

டிக்கியில் மாசக்கணக்கில் கிடக்கும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ், தண்ணீர் கேன், பழைய டூல்ஸ், மேலே காலியாகவே இருக்கும் கேரியர்... இதையெல்லாம் இறக்குங்கள். ஸ்டெப்னியை மட்டும் இறக்கிடாதீங்க.

எடையின் மதிப்பு நம்ம ஊர் ரேஸ்காரர்களுக்குப் புதுசு இல்லை. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், சாதாரண மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை எடை குறைந்த ஒற்றை இருக்கை காரில் வைத்து உருவாக்கியதுதான் ஃபார்முலா மாருதி ரேஸ் கார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கு.

கடையில் விற்பவை: ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

1. ஹை-ஃப்ளோ ஏர் ஃபில்டர்: கம்பெனி ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே பொருந்தும் தட்டை ஃபில்டர் என்றால், உச்ச ஆர்பிஎம்மில் ஒன்றிரண்டு பிஎஸ் கிடைத்தாலே பெரிய விஷயம். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது லாபம். ஆனால் கழுவிய பிறகு எண்ணெய் அதிகமாகப் பூசினால், அது காற்று அளவிடும் சென்சாரில் படிந்து தொல்லை தரும். மண் ரோட்டில் அதிகம் ஓட்டுபவர்கள் கம்பெனி ஃபில்டரிலேயே இருப்பது நல்லது.

2. கூம்பு வடிவ ஓபன் ஃபில்டர்: பெட்டியைக் கழற்றிவிட்டு பானட்டுக்குள் திறந்தபடி மாட்டுவது. 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். வேகமா போற மாதிரி ஒரு உணர்வும் வரும். ஆனால் அது இழுப்பது ரேடியேட்டர் பக்கத்துச் சூடான காற்றை. 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று போனால், அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். நகர டிராஃபிக்கில் காசு கொடுத்துப் பவரைக் குறைத்த கதைதான். கம்பெனி பெட்டி முன்பக்கக் கிரில் ஓரத்தில் இருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும்.

3. இரிடியம் பிளக்: அதிக நாள் உழைக்கும், அது உண்மை. ஏற்கெனவே இருக்கும் பிளக் நல்லா இருந்தால் பவர் கூடாது. பல புது கார்களில் கம்பெனியே இரிடியம் பிளக்தான் போட்டுத் தருது. மேனுவலில் சொன்ன ஹீட் ரேஞ்ச் மாறாமல் வாங்க வேண்டும்.

4. சைலன்சர்: பின்பக்க மஃப்ளரை மட்டும் மாற்றினால் மாறுவது சத்தம்தான். இன்ஜினுக்கு ஒட்டிய மேனிஃபோல்டை 4-2-1 வகை ஹெட்டராக மாற்றினால் நடு ஆர்பிஎம்மில் கொஞ்சம் முன்னேற்றம் கிடைக்கும். ஆனால் பிஎஸ்-6 கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் மேனிஃபோல்டுக்கு ஒட்டியே இருக்கும். ஹெட்டர் போட அதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து 'செக் இன்ஜின்' விளக்கை எரிய விடும், புகைச் சோதனையில் மாட்டும், சட்டப்படியும் தப்பு. சாலையில் ஓடும் காருக்கு இது வேண்டாம்.

5. ஈசியு ரீமேப்: இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது. டர்போ காரில் அழுத்தத்தைக் கூட்டி 20, 30 சதவீதம் வரை பவர் ஏற்ற முடிவதால்தான் ரீமேப்புக்கு இவ்வளவு பேர். என்.ஏ. இன்ஜினில் கூட்ட அழுத்தமே இல்லை. பற்றவைக்கும் நேரத்தையும் பெட்ரோல் அளவையும் கொஞ்சம் நகர்த்தலாம். சாதாரணமாக 5 சதவீதம் அளவுக்குத்தான் எதிர்பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டர் சுறுசுறுப்பாகத் தெரியும், உண்மைதான். பதிலுக்கு வாரண்டி போகும் அபாயம் இருக்கு. மோசமான பெட்ரோல் கிடைத்தால் இன்ஜினில் நாக்கிங் வரும் அபாயமும் இருக்கு.

6. த்ராட்டில் கன்ட்ரோலர்: ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி. பாதி அழுத்தினாலே முக்கால் அழுத்தியதாகச் சொல்லும், அவ்வளவுதான். முழுசா அழுத்தும்போது கிடைக்கும் பவரில் எந்த மாற்றமும் இல்லை.

7. கேம்ஷாஃப்ட், ஹெட் வேலை: நிஜமாகவே பவர் கூட்டக்கூடிய வேலை இதுதான். வால்வுகள் அதிக நேரம், அதிக உயரம் திறந்தால் உச்ச ஆர்பிஎம்மில் காற்று அதிகம் போகும். ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் டார்க் குறையும், ஐடிலிங் நடுங்கும், மைலேஜ் இறங்கும். தினமும் சிக்னலில் நின்று நின்று போகும் காருக்கு நேர் எதிரான குணம். கூடவே ரீமேப், ஸ்பிரிங், கிளட்ச் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். டிராக்கில் மட்டும் ஓட்டும் காருக்குத்தான் சரி.

8. 100 ஆக்டேன் பெட்ரோல்: ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி இல்லை. அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன். சாதாரண பெட்ரோலுக்கு வடிவமைத்த இன்ஜின் நாக்கிங் இல்லாமல் ஓடுகிறது என்றால், விலை கூடிய பெட்ரோலால் பெரிய பலன் இல்லை. மேனுவலில் சொன்ன அளவு போதும்.

9. மைலேஜ், பவர் கூட்டும் பிளக்-இன் கருவிகள்: சிகரெட் லைட்டரில் சொருகுவது, ஓபிடி போர்ட்டில் மாட்டுவது, பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுவது என்று பல வகை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இது போல 100-க்கும் மேற்பட்ட பெட்ரோல் சேமிப்புக் கருவிகளை மதிப்பிட்டும், மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்திய ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

'டைனோ ரிப்போர்ட் இருக்கு சார்' என்றால்?

டைனோ என்பது சக்கரத்தில் வரும் பவரை அளக்கும் உருளை மேடை. கியர்பாக்ஸ், டயர் எல்லாம் கொஞ்சம் பவரைத் தின்றுவிடும் என்பதால், 90 பிஎஸ் கார் அதில் 75 முதல் 80 வரை காட்டினால் பயப்பட வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே மேடையில், அதே நாளில் அளந்தீர்களா? ஒவ்வொரு முறையும் குறைந்தது மூன்று ஓட்டம் எடுத்தீர்களா? உச்ச எண் மட்டும் இல்லாமல் 2,000 ஆர்பிஎம்மில் இருந்து முழு கோட்டையும் காட்ட முடியுமா? காலைக் குளிரில் ஒன்று, மதிய வெயிலில் ஒன்று அளந்தாலே இரண்டு மூன்று பிஎஸ் வித்தியாசம் வரும். விற்பவர் சொல்லும் லாபமே அவ்வளவுதான் என்றால், அது லாபமா வானிலையா என்று யாருக்கும் தெரியாது.

அப்போ எதுக்குத்தான் காசு கொடுக்கலாம்?

முதலில் டயர். காரில் ரோட்டைத் தொடுவது அந்த நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிடுங்க.

அளவு மாற்றணும்னா, உங்கள் மாடலின் டாப் வேரியண்டில் கம்பெனியே கொடுத்த அளவைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. 2018 ஸ்விஃப்ட்டில் கீழ் வேரியண்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியண்டுக்கு 185/65 ஆர்15. இரண்டின் மொத்த விட்டமும் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர்தான். அதனால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாது. அழகுக்காக 17 இன்ச் கனமான அலாய் போட்டால் இன்ஜினுக்குச் சுமைதான் கூடும்; இருக்கிற பிக்கப்பும் போகும்.

அடுத்தது பிரேக். வேகம் 80-ல் இருந்து 100 ஆனால், கூடுவது 25 சதவீதம்தான். ஆனால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி 56 சதவீதம் கூடுகிறது. நல்ல பிரேக் பேட், மேனுவலில் சொன்ன காலத்தில் பிரேக் ஆயில் மாற்றம் இரண்டும் பெரிய செலவில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது அதன் அருமை தெரியும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். தொடர்ந்து பிரேக் அடித்துச் சூடானால் அது கொதித்து, பெடல் அப்படியே உள்ளே போய்விடும்.

மூன்றாவது சஸ்பென்ஷன். 60,000, 70,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக் அப்சார்பர், புஷ் இவற்றைச் சோதித்து, தேவை என்றால் மாற்றினாலே கார் புதுசு மாதிரி நிற்கும். வளைவில் நம்பிக்கையாக நிற்கும் கார், 5 பிஎஸ் கூடுதலாக உள்ள கார் தராத நிம்மதியைத் தரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 3 மாதம் லைசென்ஸ் தகுதியும் போகும்.

அபராதத்தை விடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். இன்ஜினில் மாற்றம் செய்து கம்பெனிக்குச் சொல்லாமல் இருந்தால், விபத்துக்குப் பிறகு கிளைம் மறுக்கப்படலாம். ரிப்பேர் செலவு மொத்தமும் உங்கள் கையில் இருந்துதான் போகும். 5 பிஎஸ்ஸுக்காக அந்த ரிஸ்க் தேவையா என்பதை வீட்டில் பேசி முடிவு பண்ணுங்க.

'எனக்கு நிஜமாவே பவர் வேணும்' என்றால்?

செலவு கணக்கைப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஃபில்டர், ஹெட்டர், ரீமேப் எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் ஆகி, 8 பிஎஸ் கிடைத்தால், ஒரு பிஎஸ் விலை 10,000 ரூபாய். விற்கும்போது அந்தக் காசில் ஒரு பங்கும் திரும்ப வராது. மாற்றிய வண்டி என்றால் வாங்குபவர் விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார்.

அதே காசை எடுத்துவைத்து, அடுத்த காரை டர்போவாகத் தேர்ந்தெடுக்கலாம். மாருதி ஃப்ரான்க்ஸ் 1.0 டர்போ 100 பிஎஸ், 148 நியூட்டன் மீட்டர். ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். இவற்றில் அதிக டார்க் 2,000 ஆர்பிஎம் வாக்கிலேயே வந்துவிடுவதால் மலையிலும் ஓவர்டேக்கிலும் கியரைக் குறைக்க வேண்டிய தேவையே குறையும். வாரண்டியோடு, இன்சூரன்ஸோடு, சட்டப்படி.

இருக்கிற என்.ஏ. காரில் டர்போ மாட்டுவது? அதிக அழுத்தத்தைத் தாங்கும்படி அந்த பிஸ்டன்கள் செய்யப்படவில்லை. கிளட்ச், கூலிங், கம்ப்யூட்டர் எல்லாம் மாற வேண்டும். முடிவில் செலவு காரின் விலையை நெருங்கும். அதை ரோட்டில் ஓட்ட அனுமதியும் இருக்காது.

வேகமாக ஓட்டும் ஆசைதான் காரணம் என்றால், அதற்கு இடம் ரோடு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் டிராக் இருக்கு. சாதாரண ஸ்விஃப்ட்டை அங்கே ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் முதலில் தடுமாறுவது இன்ஜின் இல்லை, டயரும் பிரேக்கும்தான் என்பது புரிந்துவிடும்.

சுருக்கமாக, எந்த வரிசையில் செய்யலாம்?

1. முழு சர்வீஸ், கம்ப்ரஷன் டெஸ்ட்
2. தேவையில்லாத எடையை இறக்குவது, டயர் காற்று
3. கியரைச் சரியாகப் பயன்படுத்தப் பழகுவது
4. நல்ல டயர்
5. பிரேக் பேட், பிரேக் ஆயில்
6. தேய்ந்த ஷாக் அப்சார்பர், புஷ்
7. ஆசைக்கு ஒன்று வேண்டுமென்றால், கம்பெனிப் பெட்டிக்குள் பொருந்தும் ஃபில்டர். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

இதற்கு மேல் ஏதாவது தேவைப்பட்டால், அது அப்கிரேடு இல்லை, வேறு கார்.

அடுத்த முறை மலை ஏறும்போது வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, டிக்கியில் அந்த 60 கிலோ இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். ஓவர்டேக் பண்ண இடம் போதவில்லை என்றால் லாரிக்குப் பின்னாலேயே போகலாம். ஊட்டி எங்கேயும் ஓடிப் போயிடாது.